சுகுமாருக்குக் கொடுத்த ஹார்ட் டிஸ்க்

ஹார்ட் டிஸ்க் வாங்க வருகிறவர்களிடம், ஒரு நகல் போதாது, இரண்டு வையுங்கள் என்று சொல்வது என் வழக்கம். வில்லியனூரில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சுகுமாருக்கு மட்டும் அதைச் சொல்லவில்லை, சார்.

பாகூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அவர்தான் எங்கள் கல்யாணத்தை வீடியோ எடுத்தார். கல்யாணமான பதினாறாம் மாதம் என் மனைவி ஜெயசுதா காய்ச்சலில் இறந்தாள். காரியம் முடிந்த மறுநாள் போய் வீடியோ கேட்டேன்.

"வருசம் தாண்டினா அழிச்சுடுவேம்பா. எடம் வேணும்ல? ஆல்பம் கீதே, அத்தப் பாரு."

ஆல்பத்தில் குரல் இல்லை.

ஆறு மாதம் கழித்து அவரே கடைக்கு வந்தார். "இன்னா புகழு, கம்ப்யூட்டரு ரொம்பிப் போச்சு. நீ வந்து நின்னதுலேருந்து எதையும் அழிக்க மனசு வரல. நாலாயிரத்துக்குள்ள நல்லதா ஒன்னு குடுப்பா."

"வெள்ளிக்கிழம வாங்கண்ணே."

இணையத்தில் தேடி ஒரு போலியை வரவழைத்தேன். இரண்டு டிபி, அதாவது இரண்டாயிரம் ஜிபி என்று காட்டும். உள்ளே அறுபத்து நான்கு ஜிபிதான். அது நிரம்பியதும் புதிது ஏற ஏறப் பழையது அழியும். பட்டியலில் பெயர்கள் மட்டும் அப்படியே நிற்கும். வெள்ளிக்கிழமை அவர் கொண்டுவந்த ஒரு கல்யாண வீடியோவை அதில் ஏற்றி ஓட்டிக் காட்டினேன். எல்லாம் ஏறியதும் கம்ப்யூட்டரில் உள்ளதை அழித்துவிடலாம் என்றேன். எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு காத்திருந்தேன். பழைய கல்யாண வீடியோவை யாரும் சும்மா தேடுவதில்லை. ஒரு சாவு விழ வேண்டும். டிஸ்க் கொடுத்த எட்டாம் மாதம் விழுந்தது. சுகுமார் கல்யாணம் எடுத்துக் கொடுத்த செலியமேட்டு அரிகரன், பைக் விபத்து. சுகுமார் என்னைத்தான் அழைத்தார்.

"தெறக்க மாட்டேங்குது புகழு, சீக்கிரம் வாடா. அவன் பொண்டாட்டி குந்திக்கினு கீது."

நூற்று எண்பது கல்யாணங்கள். கடைசி ஏழு மட்டும் திறந்தன. அரிகரனுடையது அதில் இல்லை. அவன் மனைவி மகாலட்சுமி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அவரு பேசறது ஒரு வார்த்த கூட இல்லியாண்ணே?"

நான் சுகுமாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் போயிருந்தேன்.

அவர் புகாரில் உங்களிடம் சொன்ன இன்னொன்றும் உண்மைதான். கல்யாணமான மாதமே, ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்து வீடியோவை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லி மூன்று முறை போன் செய்தார். தீபாவளிக்கு விலை குறையும் என்று இருந்துவிட்டேன். ஜெயசுதாவின் குரல் போனதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சார். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.