மாடு படுத்த இடத்துச் சூடு

அடுத்தவர் துயரத்தைக் காதால் கேட்டு எழுதுவது பாவமோ என்று பல வருஷம் தயங்கினேன். இன்று காலை விளக்கேற்றிக் கும்பிட்டபோது, எழுது என்று மனசு சொன்னது.

எண்பதுகளின் தொடக்கம். குறிஞ்சி ஆண்டவரைத் தரிசித்துவிட்டு, கொடைக்கானலிலிருந்து மதுரை பஸ்ஸில் மலை இறங்கிக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் கூக்கால் என்ற மலைக்கிராமத்துக்காரர்கள், ஓர் அண்ணனும் தங்கையும். மரம் விழுந்து நசுங்கிய அண்ணனின் வலது கால் புரையோடிப் போயிருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் அதை எடுக்கப்போகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“பெருமாள்மலை வந்ததும் நான் எறங்கிக்கிறேன். காலோடயே சாகுறேன்,” என்றார் அண்ணன்.

“அண்ணே, சின்னதுல மாடு படுத்து எந்திரிச்ச எடத்துல, சூட்டுக்கு வெறுங்கால வச்சுக்கிட்டு நிப்பமே, ஞாபகம் இருக்கா?” என்றாள் தங்கை.

“செருப்பு ஏது அப்ப? சாணி நாத்தத்தோடயே பள்ளிக்கூடம் போவோம். வாத்தியாரு சன்னலத் தொறந்துவிட்டுத்தான் பேரு கூப்பிடுவாரு.”

இருவரும் சிரித்தார்கள்.

“நீங்கதான் முந்தி எடம் புடிப்பீங்க. கால் வெறைக்குதுன்னு நான் அழுவேன். ஒடனே தள்ளி நின்னுக்கிருவீங்க. அம்புட்டும் பொய் அழுகைண்ணே.”

“தெரியும் தாயி.”

பெருமாள்மலையில் பஸ் நின்றது. அவர் கம்பியைப் பிடித்து எழுந்தார். அவள் தடுக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“இதும் பொய்யா தாயி?”

“இல்லண்ணே.”

“எறங்குறவுக வெரசா எறங்குங்க!” என்றார் கண்டக்டர்.

அவர் மெல்ல உட்கார்ந்தார். “யாரும் எறங்கல. போகச் சொல்லுங்க.”

நான் கேட்டது இவ்வளவுதான். பிறகு நடந்தது ஆண்டவனுக்கே தெரியும். இதை யாரிடமாவது சொன்னால், அவர் பிழைத்தார் என்றோ போய்விட்டார் என்றோ சேர்க்காமல், கேட்டபடியே சொல்லுங்கள்.