சலூன்காரன் திருப்பிய கழுத்து

மும்பை ஆண்டாப் ஹில்லில் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அவள் சொன்னது காதில் விழுந்தது:

“என்னங்க, இடது கண்ணு மட்டும் சின்னதா இருக்கு.”

“தூக்கம் இல்லட்டி. கழுத்து வலி.”

“முந்தாநாள் சலூன்ல தலையைப் பிடிச்சு டக்குனு திருப்புனாம்லா, அதுலருந்துதானே?”

“இருபது வருசமா திருப்புதான். முடி வெட்டுனா அது ஃப்ரீ.”

“நான் வேலை பாக்குற வீட்டு டாக்டரம்மா சொன்னாவ. அப்படித் திருப்புனா கழுத்து ரத்தக்குழாய் உள்ளுக்குள்ள கிழியுமாம். ரத்தம் கட்டி மூளைக்குப் போய் அடைச்சிருமாம்.”

“அப்போ இனிமே டாக்டரம்மாவையே முடி வெட்டச் சொல்லு.”

அவன் வலது கையிலிருந்த டிக்கெட் விழுந்தது. எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை அவள் டிக்கெட்டை எடுக்கவில்லை. அவன் விரல்களைப் பிடித்தாள்.

“அழுத்துங்க.”

“அழுத்துதேன்ல?”

“இல்லைங்க. நீங்க அழுத்தவே இல்ல.”

எழுந்து நின்று கத்தினாள்: “கண்டக்டர் பாய், ஆஸ்பத்திரி! ஜல்தி!”

ஆஸ்பத்திரிக்கு இன்னும் நான்கு நிறுத்தங்கள் இருந்தன. நான் இரண்டு தடவை எண்ணிவிட்டேன்.

“பயப்படாதீங்க. போயிரலாம், சரியா?” என்றாள் அவனிடம்.

அவன் சரி என்று சொல்லப் பார்த்தான். ‘ச’ மட்டும் மூன்று முறை வந்தது.