உருண்டைக்குச் சொன்னது

எங்கள் வீட்டு நாய்க்குட்டி ரொம்பச் சமர்த்து, சார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் அழுதபோது எதையெதையோ கலந்து சொல்லியிருப்பாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு இளகிய மனசு. டி.வி.யில் யாராவது அழுதால்கூட இவள் இங்கே மூக்கைச் சிந்துவாள்.

குட்டியை வாங்கி வந்தது அப்பாதான். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர். ஸ்டியரிங்கைப் பிடித்தே தோள் இரண்டும் முன்னால் வளைந்திருக்கும். ஆனால் வீட்டுக்குள் இருந்தாலும் இஸ்திரி போட்ட சட்டை வேண்டும் அவருக்கு. நாய் என்றாலே ஆகாது. அப்படிப்பட்ட மனுஷன் ஒரு சாயங்காலம் துணிப்பையில் ஒரு குட்டியைப் போட்டு எடுத்து வந்து நின்றார். "பகல் பூரா தனியா கெடக்கேன்ல, பேச்சுத் துணைக்கு ஒண்ணு இருக்கட்டுமேன்னு..." என்றார். என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. அவள்தான் அதற்கு உருண்டை என்று பேர் வைத்தாள். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். வீட்டில் வாடை வரக்கூடாது.

என் வேலை தெரிந்தால் இது உங்களுக்குப் புரியும். ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் ஆட்களுக்கு நான் மேற்பார்வையாளர். மனிதர்கள் காலி செய்துவிட்டுப் போன அறைக்குள் முதலில் நுழைகிறவன். தலையணையில் எச்சில், சாக்கடை வாயில் முடிக்கொத்து, கட்டிலுக்கு அடியில் சொல்லக் கூசுகிற சமாச்சாரங்கள். கோட்டும் டையும் கட்டிக்கொண்டு போகிறவர்கள் விட்டுப்போகிற அசிங்கத்தைப் பார்த்தால் உங்களுக்குச் சோறு இறங்காது. எந்த விரிப்பில் என்ன நடந்திருக்கிறது என்று மூக்கை வைத்தே சொல்லிவிடுவேன். பையன்கள் என் முதுகுக்குப் பின்னால் மோப்பக்காரன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அருவருப்பு என்பது என் குறை இல்லை, என் பிழைப்பு.

குட்டியைப் பழக்குவதில் பெரிய மந்திரம் ஒன்றும் கிடையாது. பின்பக்கப் பால்கனியில் பழைய செய்தித்தாளை விரிக்க வேண்டும். தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும் தூக்கிக்கொண்டுபோய் அங்கே விட வேண்டும். சரியாகப் போனால் தடவிக்கொடுத்து ஒரு பிஸ்கட். உருண்டை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. தானாகப் பால்கனிக் கதவருகே போய் நின்று என்னைத் திரும்பிப் பார்க்கும்.

ஆனாலும் காலையில் கூடத்துக் கம்பளம் நனைந்திருந்தது. அடிக்கடி. வேலைக்குக் கிளம்பி, காலுறை போட்ட காலை அதில் வைத்திருக்கிறேன். அந்தச் சொதசொதப்பு விரல் இடுக்குவரை ஏறும். நாள் முழுக்கக் கால் என்னுடையது இல்லை என்று தோன்றும். சோபா பஞ்சுக்குள்ளும் வாடை இறங்கிவிட்டது. சாப்பிடும்போது அது சோற்றில் கலந்து வருவது போல இருக்கும். தட்டோடு எழுந்துபோயிருக்கிறேன்.

பழக்குவதற்குத் தண்டனையும் வேண்டும். குட்டியின் பிடரியைப் பிடித்து மூக்கை ஈரத்தில் அழுத்துவேன். செய்தித்தாளைச் சுருட்டி இரண்டு தட்டு. பிறகு குளியலறையில் போட்டுக் கதவைச் சாத்திவிடுவேன். அது கத்தும். அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

ஒருநாள் மட்டும் வாய் திறந்தார். "விடுப்பா, சின்ன உயிரு. அதுக்கு என்ன தெரியும்."

"சின்னதா இருக்கப்பவே சொல்லிக் குடுக்கணும்ப்பா. முத்திப்போச்சுன்னா திருந்தாது," என்றேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளந்தியாகத்தான் சொன்னேன்.

தெரிந்தது இப்படி. குட்டிக்கு வயிற்றுப்போக்கு என்று கால்நடை மருத்துவர் ஒரு ராத்திரி அங்கேயே வைத்துக்கொண்டார். மறுநாள் காலை கம்பளம் நனைந்திருந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அறையிலிருந்து வந்தார். பழக்கதோஷம்.

"பாரு, உருண்டை மறுபடியும் பண்ணிட்டான்," என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. குட்டி படுக்கிற கூடை காலியாக இருந்ததைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. பேச்சுத் துணையாவது ஒன்றாவது. பழியைப் போட ஒரு வாயில்லா ஜீவன் வேண்டியிருந்தது அவருக்கு. மூக்கு மூக்கு என்று பீற்றிக்கொள்கிற நான், சொந்த வீட்டில் அத்தனை நாள் ஏமாந்திருக்கிறேன். நாய் என்று நினைத்துக்கொண்டு நான் கையால் பிழிந்ததெல்லாம் அப்பாவுடையது. 

ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாப்பா, சனியன் பண்ணிருச்சு," என்று சொல்லிவிட்டுத் துடைத்தேன். மத்தியானம் குட்டியை அழைத்து வந்ததும், அந்தக் கம்பளத்தின் மேலேயே பிடித்து அதன் மூக்கை அழுத்தினேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை டி.வி. சத்தத்தைக் கூட்டவில்லை.

நேராகக் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். பெத்த தகப்பனிடம் எப்படி சார் கேட்பது? மானஸ்தர். கேட்டால் உடைந்துபோவார். நம் வீடுகளில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஜாடையாகச் சொன்னேன். மாமியார் பாத்திரத்திடம் பேசுவதில்லையா, மருமகள் குழந்தையிடம் பேசுவதில்லையா? நான் நாயிடம் பேசினேன். அப்பா சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்துக் குட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொள்வேன். "வெக்கமா இல்ல உனக்கு? நாலு பேரு நடமாடுற எடத்துல இப்படி நாறடிக்கிறியே. உனக்கெல்லாம் எதுக்குச் சோறு?"

என் மனைவி சிரிப்பாள். "குட்டிகிட்டப் போய் வக்கீல் மாதிரி வாதாடிக்கிட்டு." அவள் துணிக்கடையில் கேஷியர். காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிடுவார்.

மருந்துக் கடையில் இதற்கென்றே உள்ளாடை விற்கிறது. எங்கள் ஹோட்டலிலேயே வயசான விருந்தினர்கள் போட்டுக்கொள்கிறார்கள். அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே வாங்கி வந்திருப்பேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? நனைந்த பேன்ட்டைச் சுருட்டி, உருண்டையின் கூடைக்குள் விரிப்புக்கு அடியில் திணித்து வைத்திருந்தார். நான் கூடையைக் கழுவ எடுத்தபோது அது கையோடு வந்தது. பிசுபிசுவென்று, பூஞ்சை பூத்து. அதன் மேல்தான் குட்டி அத்தனை நாளும் தூங்கியிருக்கிறது. அந்த நாற்றம் இப்போதுகூட என் நகத்துக்குள் இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி தங்கையின் பிரசவத்துக்கு உதவியாக ஊருக்குப் போனாள். நானும் விடுப்பு எடுத்துக்கொண்டேன். பழக்குகிற வேலையைப் பாதியில் விட்டால் பலன் இல்லை. குட்டியிடம் சொன்னேன், அப்பா பக்கத்தில் இருக்கும்போது. "தண்ணியக் குடிச்சுக் குடிச்சுத்தான் உனக்கு இந்தக் கேடு. இனிமே ஒரு சொட்டு கீழ சிந்துனாலும் நாள் பூரா குளியலறைதான்."

அன்று மாலை அப்பா தன் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். நான் சொல்லவில்லை சார். அவராகத்தான் செய்தார்.

தரை காய்ந்தே கிடந்தது. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? உருண்டையைத் தடவிக்கொடுத்து, "இப்பத்தான் நல்ல புள்ள," என்றேன். அப்பா சிரித்தார். பாராட்டு யாருக்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் உதடு வெளுத்துத் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தேன். பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டது. இரண்டு வாய் சோற்றுக்கு மேல் இறங்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்தேன். கவனிக்காத மகன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

பிறகு ஒரு காலையில் மறுபடியும் கம்பளம் நனைந்திருந்தது. கொஞ்சம்தான், உள்ளங்கை அகலம். ஆனால் தேநீர் நிறத்தில், மூக்கை அறுக்கிற மாதிரி. தண்ணீரே குடிக்காதவர் எங்கிருந்துதான் கொண்டு வந்தாரோ. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் இல்லையா? குட்டியைக் குளியலறையில் போட்டு வெளியே பூட்டுப் போட்டேன். வீட்டில் இருப்பது ஒரே குளியலறை, கழிப்பதும் குளிப்பதும் அங்கேதான். அப்பா போக வேண்டுமானால் என்னிடம் சாவி கேட்க வேண்டும். கேட்கட்டும் என்றுதான் இருந்தேன். சமையலறையையும் பூட்டினேன். அது எதற்கு, குட்டிதான் உள்ளே அடைபட்டிருக்கிறதே என்று கேட்பீர்கள். ஒரு முன்னெச்சரிக்கை, அவ்வளவுதான்.

வெயில் ஏற ஏறக் குட்டி கதவைப் பிறாண்டியது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"நான்தாம்ப்பா," என்றார். "அது நான்தான். ஆரம்பத்துலேருந்தே நான்தான். அதத் தொறந்து விட்டுரு."

இதைத்தானே இத்தனை நாள் எதிர்பார்த்தேன்? ஆனால் அவர் சொன்னதும் எனக்கு இரக்கம் வரவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து வாடை வந்தது. அதுதான் வந்தது. சொல்லிவிட்டால் ஆயிற்றா, திருந்த வேண்டாமா?

"என்னப்பா நீங்க, நாய் பண்ண தப்ப உங்க தலையில போட்டுக்கிறீங்க," என்றேன். "போய்ப் படுங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு போய்விட்டார்.

மத்தியானம் பால்கனியில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அப்பா மண்டியிட்டுக் குனிந்திருந்தார். இரண்டு கையாலும் குட்டியின் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். நேற்றைய தண்ணீர். மேலே முடி மிதந்தது, ஓரமெல்லாம் வழவழவென்று எச்சில். 

"அப்பா, அது நாய் குடிச்ச தண்ணி," என்று சொல்லிக் கிண்ணத்தை வாங்கினேன்.

அவர் விடவில்லை. வயசானவர் கைக்கு இவ்வளவு பிடி இருக்கும் என்று நினைக்கவில்லை. கொஞ்சம் பலமாக இழுக்க வேண்டியிருந்தது. தண்ணீர் தரையில் கொட்டியது. அவர் வாய்க்குள் ஒரு சொட்டும் போகவில்லை. குனிந்து தரையில் நாக்கை வைக்கப் பார்த்தார். தோளைப் பிடித்து நிமிர்த்தினேன். அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். கண் திறந்துதான் இருந்தது.

மூச்சு வந்துகொண்டிருந்தது, சார். அதை நான் மறைக்கப் போவதில்லை. உடனே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இருக்கலாம். ஆனால் கொட்டிய தண்ணீர் ஓடி, பால்கனியிலிருந்து கூடம் வரை ஒரே ஈரம். ஆம்புலன்ஸ்காரர்கள் அவசரத்தில் ஓடி வந்து வழுக்கி விழுந்து, யாருக்காவது அடிபட்டுவிட்டால்? அதனால் மாப்பை எடுத்துவந்து தரையை முழுக்கத் துடைத்து, கிருமிநாசினி ஊற்றி இன்னொரு தடவை துடைத்து, காய்கிறவரை அவர் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அதற்குப் பிறகுதான் போன் செய்தேன்.