மீட்டரில் பதினேழு

— அஸ்ரின், ஜெயராம் பேசறேன். கேட்டேளா, நேத்து நீங்க ட்யூன் பண்ணித் தந்தேளே, அந்த வண்டி. அதுல இருக்கற காத்து-பெட்ரோல் மீட்டர் மறுபடியும் பதினேழு காட்டறது.

— பதினேழா? ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினாலே முக்கால் பங்கு காத்துதான சார் கணக்கு. அதுக்குத்தான நேத்து பெட்ரோலக் கூட்டி வச்சேன்.

— அதான் கேக்கறேன், இன்னும் கொஞ்சம் கூட்டணுமோ? காத்து ஜாஸ்தியானா இன்ஜின் சூடேறிடும்னு நீங்கதானே சொன்னேள்.

— இப்ப எங்கன இருக்கிய?

— சான்பாடா கிட்டே. மழை, டிராஃபிக், அரை மணியா நகரவே இல்லே. பின்னாடி நிக்கற டெம்போக்காரன் வேற ஹாரன் அடிச்சுண்டே இருக்கான். எங்க வண்டி புகை விடறதாம்.

— என்ன பொகை?

— கறுப்பா, திட்டுத்திட்டா. கண்ணாடில பார்த்தா எனக்கே தெரியறது.

— சார், காத்து கூடுன வண்டி கறுப்புப் பொகை விடாது. பெட்ரோல் மிஞ்சுனாத்தான் கறுப்பு வரும்.

— அப்போ மீட்டர்?

— பொய் சொல்லுது. சைலன்சர் பைப்பு எங்கனயோ விரிசல் விட்டிருக்கு. அது வழியா வெளிக்காத்து பூந்து சென்சார்ல படுது. அது காத்து ஜாஸ்தின்னு சொல்ல, நான் பெட்ரோல மேல மேல ஏத்தி... சார், கண்ணாடியெல்லாம் தொறந்திருக்கா?

— மழைம்மா. மூடிண்டு ஏசி போட்டிருக்கேன்.

— தல வலிக்கா?

— செம்பூர் தாண்டினதுலேர்ந்தே. கொஞ்சம் குமட்டறது. டிராஃபிக்னா எனக்கு அப்படித்தான்.

— கூட யாரு?

— ஷ்யாமளாதான். பக்கத்து சீட்ல தூங்கிண்டிருக்கா.

— எழுப்புங்க.

— பாவம், அசந்து...

— பொண்டாட்டிய எழுப்புங்க சார்! மொதல்ல இன்ஜின ஆஃப் பண்ணுங்க, கதவத் தொறங்க. பைப்பு விட்ட எடத்துலேருந்து பொகை உள்ள வருது. பெட்ரோல் அரைகொறையா எரிஞ்ச பொகை. அந்த வெசத்துக்கு வாடையே கெடையாது. தூங்க வச்சே கொன்னுரும்.

— ஷ்யாமளா. ஏய், ஷ்யாமளா! ஐயோ... அஸ்ரின், கண்ணைத் தொறக்க மாட்டேங்கறா. கை அப்படியே தொங்கறது.

— வெளிய இழுங்க! மழையப் பாக்காதிய. அந்த டெம்போக்காரரக் கூப்பிடுங்க. ஃபோன மட்டும் வச்சிராதிய.

— பாயி! ஓ பாயி! இதர் ஆவோ, ஜல்தி! காலைப் பிடிங்கோ... பைர் பக்டோ, பைர்!

— சார்? மூச்சு இருக்கா? சார்... யா அல்லாஹ். எதாவது பேசுங்க சார். சார்!

— இருக்கு. இருக்கு. இருமறா. டிவைடர்ல சாய்ச்சு உக்கார வச்சிருக்கோம். எனக்கும் தலை சுத்தறது அஸ்ரின்.

— நீங்களும் உக்காருங்க. வண்டிக்குள்ள திரும்பப் போவாதிய. ரெண்டு பேரும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, கார்ல பொகை ஏறிருச்சுன்னு சொல்லுங்க, ஆக்சிஜன் வைப்பாங்க. நான் கோவண்டி கடைலேருந்து இப்பவே கெளம்புதேன்.

— டெம்போக்காரரே கொண்டு விடறேங்கறார். இருங்கோ, ஷ்யாமளா ஏதோ சொல்லணும்கறா. மெதுவாப் பேசு, மெதுவா.

— அஸ்ரினா? இவர்... இவர் சொல்றார். நீங்க மட்டும் கேக்கலேன்னா, நான் முழிச்சிருக்கவே மாட்டேனாம். உங்க கையைக் கண்ல ஒத்திக்கணும்மா.

— வேண்டாங்க்கா. வண்டிக்கு அடியில டிக் டிக்னு ஒரு சத்தம், பைப்பு விரிசல் விட்டா வர்ற சத்தம். நேத்தே கேட்டேன். கேட்டுட்டுத்தான் சாவியக் குடுத்தேன்.