திரையில் எழுந்தருளிய பூவராகர்

கம்ப்யூட்டரைப் போட்டதும் அதற்குள் யார் யார் எழுந்திருக்கிறார்கள் என்று வீடுகளில் யாரும் பார்ப்பதில்லை, மேடம். கல்யாண வீடு மாதிரிதான். அழைத்தவர்களோடு அழைக்காதவர்களும் வந்து முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். பிரிண்டர் வாங்கினால் அதோடு புரோகிராம் என்று ஒருவன், பாட்டுக் கேட்க எதையோ இறக்கினால் அதோடு இன்னும் இரண்டு பேர். அப்புறம் கம்ப்யூட்டர் நகரவில்லையே என்று அங்கலாய்ப்பார்கள். மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. என் கைக்கு வருகிற கோளாறுகளில் பாதி இந்த ஓசிச் சாப்பாட்டுக்காரர்களால் வருவதுதான்.

என் பெயர் தேவநாதன். நீங்கள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் கேட்பது என் தங்கை மலர்க்கொடியின் கம்ப்யூட்டரைப் பற்றி. அதில் இருந்தது நான் வைத்ததுதான். மறுக்கவில்லை. ஏன் வைத்தேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டால் போதும்.

அப்பா போனபிறகு சிதம்பரத்து வீட்டில் அம்மாவும் தங்கையும் மட்டும்தான். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மலர்க்கொடி பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்து முடித்திருந்தாள். இறால் குஞ்சு, நண்டு, கண்ணுக்கே தெரியாத பூச்சி என்று மணிக்கணக்காகப் பேசுவாள். எங்கள் வகையறாவில் அவ்வளவு தூரம் படித்தவர்கள் கிடையாது; எல்லோரும் கரும்பும் நெல்லும் பார்த்தவர்கள். எனக்கும் பெருமைதான். அவளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொடுத்தவனே நான். ஆனால் பெண்பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் வருகிறவன் போகிறவன் எல்லாம் எட்டிப் பார்ப்பான். ஒரு காவல் வேண்டாமா? அவள் தட்டுகிற எழுத்தும் பார்க்கிற பக்கமும் என் மெயிலுக்கு வந்து சேரும்படி ஒரு புரோகிராமை உள்ளே வைத்தேன். கம்ப்யூட்டர் எழும்போதே அதுவும் எழுந்துவிடும்.

பெயர் வைப்பதற்குத்தான் யோசித்தேன். தெரியாத பெயராக இருந்தால் என்றைக்காவது நிறுத்திவிடுவார்கள். தெரிந்த பெயராக இருந்தால் சந்தேகம் வராது. எங்கள் குலதெய்வம் ஸ்ரீமுஷ்ணம் பூவராகர். மொட்டை, காதுகுத்து, கல்யாணத்தின் முதல் பத்திரிகை எல்லாம் அவருக்குத்தான். அந்தப் பெயரையே வைத்தேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் அவர் படம் ஒரு நொடி வந்து மறையும்படியும் செய்தேன். மலர்க்கொடி தினமும் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவாள். அம்மா கட்டிலில் இருந்தே தலையைத் தூக்கிப் பார்ப்பாள். ஆயுத பூஜைக்குத் திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள்.

ஒருமுறை கம்ப்யூட்டர் ரொம்பவும் இழுத்தது. அவளே ஏதோ வீடியோவைப் பார்த்து, தானாக எழுகிறவர்களின் பட்டியலைத் திறந்துவிட்டாள். எனக்குப் போன் போட்டு ஒவ்வொரு பெயராகப் படித்தாள். இது இருக்கட்டும், அது போகட்டும் என்று பொறுமையாகச் சொன்னேன். கடைசியில் கேட்டாள்.

"எல்லாத்தயும் நிறுத்திட்டேண்ணே. சாமி ஒண்ணுதான் பாக்கி. அதயும் நிறுத்துனா இன்னும் சீக்கிரமா வருமா?"

"சாமிய யாராவது நிறுத்துவாங்களா மலரு?"

"தெரியாம கேட்டுட்டேண்ணே."

அப்படிக் கேட்டதே தப்பென்று, மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்தடியில் வைத்தாளாம். அம்மா அதைச் சொல்லிச் சிரித்தாள்.

முதலில் பார்த்தேன், அவ்வளவுதான். அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அவள் தப்பாக எதையும் செய்யவில்லை. வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தாள். தொடர்பு எண் கேட்ட இடத்தில் என் நம்பரைப் போடச் சொல்லியிருந்தேன். பெண்பிள்ளை நம்பர் கண்டவன் கைக்குப் போகக் கூடாது. போனில் மெயில் வைக்காதே, திருடிவிடுவார்கள் என்றும் சொல்லியிருந்தேன். அண்ணன் சொன்னால் அவள் கேட்பாள்.

கோவாவில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் நேர்முகத்துக்கு வரச் சொல்லி எழுதியிருந்தது. அவள் தட்டிய பாஸ்வேர்டும் எனக்கு வந்திருந்ததால், அவளுக்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். அன்றைக்கு வேலையே ஓடவில்லை. அவள் போய்விட்டால் அம்மாவை யார் புரட்டிப் படுக்கவைப்பது, யார் கழுவிவிடுவது? நாங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். என் மனைவி கயல்விழியைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொன்னவள்: "உங்கம்மா இந்தப் படிய ஏறுனா நான் எறங்கிடுவேன்." நான் யாரையும் நோகடிக்க விரும்புகிறவன் அல்ல. அந்தக் கடிதத்தை அழித்தேன். ஒரு விரல்தான் வேண்டியிருந்தது.

அவர்கள் விடாமல் மறுபடி எழுதினார்கள். பதில் போடாமல் இருப்பது மரியாதை இல்லை என்பதால் அவள் பெயரிலேயே பதில் எழுதினேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக வர இயலவில்லை, தங்கள் அன்புக்கு நன்றி என்று நல்ல ஆங்கிலத்தில். அதில் பொய் ஒன்றும் இல்லை. அப்புறம் விசாகப்பட்டினம், கொச்சி, மறுபடியும் கோவா. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி எழுதாமல் ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதினேன்.

அவள் கண்டுகொள்ளாமல் இருந்தாள் என்று நினைக்காதீர்கள். காத்திருப்பாள். காத்திருந்து காத்திருந்து முகம் சுருங்கிப்போவாள். அதைப் பார்க்கிறவனுக்கு மனசு கேட்குமா? ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டுத் தைலம்மாளை அம்மாவுக்குத் துணை வைத்துவிட்டு, அவளை ஸ்ரீமுஷ்ணம் கூட்டிக்கொண்டு போவேன். அர்ச்சனை செய்து, கோயில் பிரசாதமான கோரைக்கிழங்கு உருண்டை வாங்கிக்கொடுப்பேன். திரும்பி வந்தால் அம்மா, "பூமியவே தூக்கினவரு, ஒன்னத் தூக்க மாட்டாரா?" என்பாள். ஒருமுறை பஸ்ஸில் வரும்போது மலர்க்கொடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்கு மண்டைல ஒண்ணும் இல்லண்ணே, சும்மா மனப்பாடம் பண்ணித்தான் பாஸானேன்போல" என்றாள். அப்படியெல்லாம் பேசாதே என்று கண்டித்தேன். வேறு எந்த அண்ணன் இவ்வளவு தூரம் வந்து ஆறுதல் சொல்வான்?

செந்தமிழ்ச்செல்வனைப் பற்றியும் கேட்டீர்கள். அவளோடு படித்தவன். பெற்றவர்களோடு வந்து பெண் கேட்கட்டுமா என்று அவளுக்கு மெயிலில் எழுதியிருந்தான். விசாரித்தேன். நம் ஆட்கள்தான். குடி கிடையாது, நல்ல வேலை, நல்ல பையன். சிக்கலே அதுதான். குறை இருந்தால் அம்மாவிடம் சொல்லி மறுத்துவிடலாம். எனவே அவள் எழுதுகிற மாதிரியே எழுதி, அப்படி ஓர் எண்ணம் தனக்கு இல்லை என்று முடித்தேன். தை மாதம் அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. இவளும் போய்ப் பரிசு கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். அன்றைக்கு மாலை கம்ப்யூட்டரைப் போட்டாள்; ஓர் எழுத்துகூடத் தட்டவில்லை. எனக்கு வெறும் திரைதான் வந்துகொண்டிருந்தது.

அந்த நிறுவனங்களுக்கெல்லாம் வயது வரம்பு உண்டு. அவள் அதைத் தாண்டிய பிறந்தநாளுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துக்கொடுத்தேன். எனக்கும் ஒரு பாரம் இறங்கியது. அதன்பிறகு நான் ஒன்றையும் அழிக்கவில்லை. அழிக்க எதுவும் வரவும் இல்லை. அப்போதே பூவராகரையும் எடுத்திருக்கலாம். ஆனால் காலையில் அவள் என்ன தட்டுகிறாள் என்று பார்க்காமல் எனக்கு டீ இறங்காமல் போய்விட்டது.

பிரிசில்லா வந்ததுதான் வினை. அவளும் கூடப் படித்தவள்தான். இப்போது அந்தக் கோவா நிறுவனத்திலேயே இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தவள் மலர்க்கொடியைப் பார்க்கப் போயிருக்கிறாள். அங்கிருக்கிற பெரியவர் ஒருவர், உங்கள் ஊர்ப் பெண் இரண்டு தடவையும் வர மாட்டேன் என்று எவ்வளவு பணிவாக எழுதினாள் தெரியுமா என்று சொன்னாராம். ஏன்டி அப்படிச் செய்தாய் என்று இவள் கேட்க, நான் எங்கே எழுதினேன் என்று அவள் விழிக்க, இரண்டு பேருமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டிலில் அம்மா இருந்தாள். அவள் போனில் சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். அம்மா என்னிடம் கடைசியாகப் பேசியதும் அன்றைக்குத்தான்.

தானாக எழுகிறவர்களின் பட்டியலைப் பிரிசில்லா திறந்திருக்கிறாள். மலர்க்கொடி அவள் கையைப் பிடித்து, "அது சாமிடி, அதத் தொடாத" என்றிருக்கிறாள். எங்கள் வீட்டில் பிறந்த யாராக இருந்தாலும் அதோடு கையை எடுத்திருப்பார்கள். பிரிசில்லா வேதக்காரப் பெண். பூவராகர் அவளுக்குப் பட்டியலில் இன்னொரு பெயர், அவ்வளவுதான். திறந்து, உள்ளே என்ன இருக்கிறது, எங்கே போகிறது என்று பார்த்திருக்கிறாள்.

"மலரு, சாமி எதுக்குடி ஒங்க அண்ணனுக்கு மெயில் அனுப்புது?"

அது எனக்குக் கடைசியாக அனுப்பிய படத்தில் என் மெயில் முகவரிதான் இருந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் மலர்க்கொடி வேனில் அம்மாவைப் படுக்கவைத்து மஞ்சக்குப்பம் வந்தாள். டிரைவரும் அவளுமாக அம்மாவை மாடிக்குத் தூக்கி வந்தார்கள். என் மேல் பாய்வாள் என்று நினைத்தேன். ஒன்று மட்டும் கேட்டாள்.

"மொத்தம் எத்தன எடத்துல கூப்டாங்கண்ணே?"

சொன்னேன். அவளிடம் நான் பொய் சொல்கிறவன் அல்ல. ஒவ்வொரு ஊரையும் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அப்ப எனக்கு மண்டைல இருந்துருக்கு" என்றாள். பிறகு அம்மாவின் போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டு, "மத்தியானம் ஒரு தடவ பொரட்டிப் படுக்க வையி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

ஊரில் வேலியே பயிரை மேய்ந்தது என்கிறார்கள். வெளியே எத்தனை மாடு நிற்கிறது என்று வேலி போட்டவனுக்குத்தான் தெரியும். ஒரு பைசா எடுத்தேனா, ஒரு நாள் கை நீட்டினேனா? ஆனாலும் கேட்டதற்கு ஒளிக்காமல் சொல்கிறேன். உளவு பார்த்தது நான்தான். கடிதங்களை அழித்தது நான்தான். அவள் பெயரில் எழுதியதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

கயல்விழி சொன்னபடியே இறங்கிவிட்டாள். பிள்ளைகளோடு பண்ருட்டியில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். இப்போது அம்மாவைக் கழுவுவதும் புரட்டுவதும் நான்தான். அம்மா என்னோடு பேசுவதில்லை. சோறு ஊட்டினால் வாங்கிக்கொள்கிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை. மலர்க்கொடி எந்த ஊரில் இருக்கிறாள், என்ன வேலை என்று எனக்குத் தெரியாது. பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள். நேற்றுக்கூட முயன்று பார்த்தேன், போகவில்லை. அம்மாவுக்கு மட்டும் போன் செய்கிறாள். நான் உள்ளே வந்தால் அம்மா பேச்சை நிறுத்திவிடுகிறாள்.

அம்மாவின் பட்டன் போன் பழசாகிவிட்டது. மகள் முகத்தைப் பார்த்துப் பேசட்டும் என்று புதுப் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பூவராகர் என்றால் அம்மா இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதனால் இந்த முறை திருவந்திபுரத்துப் பெருமாளை வைத்திருக்கிறேன். போனைப் போட்டதும் ஒரு நொடி வந்து மறைவார். அம்மா நன்றாக இருக்கிற ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். தங்கச்சி சாப்பிட்டாளா, உடம்பு நன்றாக இருக்கிறதா என்று அண்ணனுக்கும் தெரிய வேண்டுமில்லையா? இதை எழுதிக்கொள்ள வேண்டாம், மேடம். இது வீட்டு விஷயம்.