பிரதிஷ்டைக்கு முந்தின நாள்

மொசைக் தரைக்குப் பாலீஷ் போட்டால் ஒரு வாரத்துக்கு ஈரக்கால் படக் கூடாது, ஐயா. பட்டால் திட்டுத் திட்டாகக் கறை பிடித்துவிடும். நீங்கள் போன மாதம்தான் இந்தச் சபைக்கு ஆயராக வந்தீர்கள். பத்தாம் ஆண்டு விழாவில், கோயில் கட்டிய கதையை என்னைப் பேசச் சொல்கிறீர்கள். மேடையில் பேச முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் தொழிற்சாலை ஆட்கள். ஷிப்ட் முடிந்ததும் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வெள்ளானூர் பக்கம் சைக்கிள் மிதித்து வந்து செங்கல் சுமந்தோம். உள்ளங்கை உரிந்து, சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் தின்றிருக்கிறேன். ஏரியோரக் குடிசையிலிருந்து கன்னியம்மாளும் அவள் புருஷன் வேம்புலியும் கூலிக்கு வந்தார்கள். அவள் வாய் சும்மா இருக்காது.

“இன்னா அண்ணாத்தே, உங்க சாமி தச்சன் ஊட்டுப் புள்ளைன்றீங்க. அவுருக்கு இம்மாம் பெரிய ஊடு இன்னாத்துக்கு?”

“உன்னையும் உட்கார வைக்கத்தான்” என்றேன்.

“அப்ப ஜன்னலாண்ட எடம் போட்டு வையி. தூக்கம் வந்தா காத்து ஓணும்.”

கோபுரச் சாரத்திலிருந்து வேம்புலி விழுந்தான். இடுப்பு போய்விட்டது, அதற்கப்புறம் அவன் எழுந்து நடக்கவில்லை. இரண்டு ஞாயிறு அவனுக்காக ஜெபித்தோம். பிறகு வெள்ளையடிக்கிற வேலை வந்துவிட்டது.

எண்பத்தைந்து மழையில்தான் பிரதிஷ்டை. ஞாயிறு காலை பிஷப் வருகிறார். முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம் பாடகர் குழு பாட்டுப் பழகிக்கொண்டிருந்தது. அவர்களையே சாக்கில் கால் துடைக்க வைத்துத்தான் உள்ளே விட்டேன். கமிட்டிச் செயலாளர் ஆசீர்வாதம் நான்தான். சாவி என் சட்டைப் பையில்.

கேட்டைத் தட்டும் சத்தம் வந்தது. சன்னலுக்குப் போனேன். கன்னியம்மாள் மூன்று சக்கர மீன்பாடி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதில் பாலித்தீன் தாளுக்கு அடியில் வேம்புலி.

“ஆசீர்வாதம் அண்ணாத்தே, தொறயேன். ஏரித்தண்ணி ஊட்டுக்குள்ள பூந்துகிச்சு. இவுர வண்டில போட்டுத் தள்ளிகினு வந்துகீறேன். உள்ள வரல, வராண்டாவுல குந்திக்கிறோம்.”

என் மனைவி ஞானம்மாள் பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். “ஏங்க, யாரோ கூப்பிடுத மாதிரி இருக்கு.”

“மழைதாம்ளா” என்றேன்.

என் கணக்கு சாதாரணமானது. அவளுக்குத் திறந்தால் பின்னாலேயே குடிசை மொத்தமும் வரும். சட்டி பானை வரும், சேறு வரும். அவள் நம் சபையாளும் இல்லை. மேட்டில் பள்ளிக்கூடம் இருந்தது, அங்கே போகலாம். கமிட்டியில் யாரைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அவள் பள்ளிக்கூடத்துப் பக்கம்தான் தள்ளினாள். நம் காம்பவுண்டு மூலையில் ரோடும் வடிகாலும் ஒன்றாகக் கிடந்தன. வண்டிச் சக்கரம் வடிகாலில் இறங்கியது. தண்ணீருக்குள் நின்று, தனியாளாகத் தூக்கிப் பார்த்தாள். வண்டி சாய்ந்தது. அதையும் பார்த்தேன். சாரல் அடித்ததால் சன்னலைச் சாத்தினேன்.

வேம்புலி ஞாயிறு சாயங்காலம் மதகில் கிடைத்தான். அதற்குள் பிரதிஷ்டை முடிந்து, பிரியாணி அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தோம். பிறனை நேசிப்பதைப் பற்றி பிஷப் அருமையாகப் பிரசங்கித்திருந்தார். தரையைப் பார்த்து, கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று என் தோளைத் தட்டினார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஐயா. அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

கன்னியம்மாள் இப்போது ஸ்டேஷன் வாசலில் கீரை விற்கிறாள். என்னைக் கண்டால் “ஸ்தோத்திரம் அண்ணாத்தே” என்று கும்பிடுகிறாள். அதற்காகவே சைக்கிளை அடுத்த தெருவில் விடுகிறேன். அன்றைக்கு விசாரிக்க வந்த ஏட்டிடம் அவள் எங்கள்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. “அவுங்க பாட்டு பாடிகினு இருந்தாங்க சார். நான் கூப்ட்டது காதுல உயுந்திருக்காது” என்றாள். நானும் ஆமாம் என்றேன். பாடகர் குழுவும் தலையாட்டியது.

அவள் கூப்பிட்டபோது யாரும் பாடவில்லை, ஐயா. ஒரு பாட்டு முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் இரண்டாம் தடவை என் பெயரைச் சொன்ன பிறகுதான் அடுத்த பாட்டைத் தொடங்கச் சொன்னேன். நல்லா சத்தமா, என்றேன்.