சீல் நிற்காத லைசென்ஸ்

“சீல் வச்சா வழுக்கிட்டுப் போகுதுக்கா” என்று ஒரு பெண் சொன்னதைக் கேட்டுத்தான் திரும்பினேன். காண்டிராக்ட் வேலை முடிந்து, ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் நின்றுகொண்டே போன நாள் அது. சொன்னவள் நான் வேலை பார்த்த ஓசூர் ஃபேக்டரியின் கேட் அருகே மெஸ் நடத்துகிறவள். பேச்சு மதுரைப் பக்கம். பக்கத்தில் காலிப் பூக்கூடையோடு உள்ளூர் அம்மாள் ஒருவர்.

“எதும்மேல வழுக்குது?”

“மெஸ்ஸுக்கு வாங்குன மாநகராட்சி லைசென்ஸ்லக்கா. பிரவுசிங் சென்டர்ல எழுதிப் போட்டு, என் ஏடிஎம் கார்டுலயே பணம் கட்டுனேன். பேப்பர் வந்துச்சு. சாம்பார் தெறிக்கும்னு லேமினேஷன் பண்ணிட்டுத்தேன் சீல் வாங்கப் போனேன். கிளார்க்கு மூணு தடவ குத்துனாரு. மை நிக்கவே இல்ல.”

“அய்யோ! அப்ப கடைய மூடணுமா?”

“நானும் அப்பிடித்தேன் நெனச்சு அழுதுட்டேன். அவரு சிரிச்சுக்கிட்டே, ‘போயி இன்னொரு பிரிண்ட் எடுத்துட்டு வாம்மா’ன்னாரு. பத்தே நிமிசம். அதுல சீல் வாங்கி மெஸ்ல மாட்டிட்டேன். போன வருசம் இதே பேப்பருக்கு எத்தன நாள் நடந்தும் கெடைக்கல!”

“அந்தப் பழச என்ன பண்ண?”

அவள் பையிலிருந்து பளபளக்கும் லேமினேஷனை எடுத்துக் காட்டினாள்.

“ஊருக்குக் கொண்டு போறேன். ‘பொம்பளைக்கு எவன் லைசென்ஸ் குடுப்பான், எம்பேருல எழுதுங்க’ன்னாரு எங்க கொழுந்தன். அவரு வீட்டுச் சுவத்துலயே ஆணி அடிச்சு மாட்டப் போறேன்.”

“அதுல சீல் இல்லியேம்மா!”

“உரிமையாளர்ங்கிற எடத்துல எம்பேரு இருக்குல்லக்கா.”